டாக்டர் இரவல் வாங்கிய அண்டா மூடி

விடியற்காலை நாலே முக்காலுக்குப் போன் வந்தது. டாக்டரின் மனைவி கனகா அக்கா பேசினார். குரல் நடுங்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பறையில் பேசிய குரல்.

"ஜெஸி, சார் போயிட்டாரும்மா. நெஞ்சு வலிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்தாரு. செருப்ப மாட்டுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீ நேரா இங்க வராத. கிளினிக் வாசல்ல ஆளு நிப்பாங்க. மொதல்ல அங்க போய்ச் சொல்லிட்டு வா. காய்ச்சப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நிக்கப் போறாங்க."

அவனியாபுரம் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது என் வேலை. போய்ச் சேர்ந்தபோது ஒருவர்தான் நின்றிருந்தார். தோளில் தூங்கும் மகள். நெற்றியில் ஈரத்துணி. விஷயத்தைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த வேறொரு டாக்டரின் பெயரைச் சொல்லி அங்கே போகச் சொன்னேன். எழுந்து நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"மருந்து யாரு வேணாலும் குடுத்துருவாக சிஸ்டர். பேசுற கோர்ஸ யாரு எழுதிக் குடுப்பா?"

அவர் என்ன கேட்டார் என்பது புரிய வேண்டுமானால் டாக்டர் பீமாராவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நல்லா இருக்கும் பிள்ளையை எவரும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வருவதில்லை. இது அவருக்குப் பெரிய குறை. பிள்ளை தவழ்கிறதா, கையைக் காட்டிக் கேட்கிறதா, பெயர் சொன்னால் பார்க்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டிய வயசில் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கென்று வாருங்கள் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். அதனால் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று எது கூட்டிக்கொண்டு வந்தாலும் அவர் அதை நன்றியோடு ஏற்றுக்கொள்வார். வந்த நோயை இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடுவார். மீதி நேரம் பூராவும் பிள்ளை வளர்ப்பு.

பெற்றவர்களுக்கு முதலில் இது பிடிக்காது. "ஊசி போடுவாருன்னு வந்தா, பிள்ளைக்குக் கரண்டியும் தட்டும் குடுத்துத் தட்ட விடுங்கங்கிறாரு" என்று வெளியே வந்து என்னிடம் முறையிடுவார்கள். வாயால் சொல்வது வாசல் வரைக்கும்கூட நிற்பதில்லை என்று கண்டுகொண்ட டாக்டர், அறிவுரையை மருந்துச் சீட்டிலேயே எழுத ஆரம்பித்தார். முதல் வரியில் காய்ச்சல் மருந்து. இரண்டாவது வரியில், "குழந்தையிடம் பேசவும். காலை, மதியம், இரவு." மூன்றாவது வரியில், "பந்து உருட்டவும். மாலை மட்டும்."

சீட்டில் எழுதியிருந்தால் அது மருந்து. எங்கள் பக்கத்தில் அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஒருவர் மறுபடி வந்து மிகுந்த கவலையோடு கேட்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?"

"எது?"

"பேசுறது."

டாக்டர் சிரிக்கவில்லை. யோசித்தார். "ரெண்டும் ஓகே. வயித்துக்கு ஒண்ணும் செய்யாது."

இன்னொருவர் வந்து, மூணு நாள் பேசி முடித்துவிட்டதாகவும் கோர்ஸை நிறுத்தலாமா என்றும் கேட்டார். "கண்டினியூ" என்று எழுதிக் கொடுத்தார். எதிர்த்த மருந்துக் கடைக்காரர் சீட்டோடு வருகிறவர்களிடம் பந்து இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ரப்பர் பந்து வாங்கி வைத்துக்கொண்டார். மாத்திரைக் கவரில் போட்டு, கவரின் மேல் மாலை என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கடமையை அவர் செய்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேசுங்கள் பேசுங்கள் என்று ஊருக்கே எழுதிக் கொடுத்தவர் பெரியவர்களிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். கள்ளிக்குடிப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். மகன் மதுரைக்கு வந்து டாக்டருக்குப் படித்தார், சர்க்கார் வேலையில் இருந்தார், ஓய்வு பெற்றார். இவ்வளவும் நடந்தது அவர் வாயைத் திறக்காமலே என்பார் அவருடைய அம்மா மலையம்மாள்.

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாராம். அங்கே பெண்ணின் சித்தி மகளுடைய கைக்குழந்தை ஒன்று பாயில் கிடந்திருக்கிறது. அதனிடம் போய்க் குனிந்து, தான் யார், எந்த ஊர், என்ன சம்பளம், சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தால் பிடிக்கும், சத்தமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம் என்று அரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். கனகா அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லியிருக்கிறார்.

கிளினிக்கிலும் அதே கதைதான். "வாங்க சார். உக்காருங்க. என்ன, மூக்கு ஒழுகுதா? எப்ப இருந்து?" என்பார். தகப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு நாளா சார்" என்பார். "உங்களக் கேக்கல" என்பார் டாக்டர், மடியிலிருக்கும் ஆறு மாசத்துப் பிள்ளையைப் பார்த்தபடி.

பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுவார். திரும்பினால் சரி. ஒரு தடவை திரும்பினால் போதாது, தற்செயலாகக்கூட இருக்கலாம், மூன்று தடவை பார்க்க வேண்டும் என்பார். கருவி வைத்துச் செய்யும் பரிசோதனை வேறு. இது யாரை அங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு.

சுலபமான காரியம்தான். ஆனால் அதை மதுரையில் செய்வது சுலபமில்லை. டாக்டர் கையிலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தால், அதை எடுத்துக் கொடுக்காமல் மரம் மாதிரி நிற்பதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. டம்ளர் கையை விட்டுப் புறப்பட்டதுமே தகப்பன் பாய்வார், தாய் குனிவார், அடுத்த டோக்கன்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து எடுப்பார். ஒருவர், டம்ளர் தரையைத் தொடும் முன்பே கேட்ச் பிடித்துவிட்டார்.

"கீழ விழாமப் புடிச்சிட்டேன் சார்."

"விடுங்க."

"இருக்கட்டும் சார், இதுல என்ன."

"இல்ல. கீழ விடுங்க."

அவர் டம்ளரைப் பணிவாக மேசைமேல் வைத்தார்.

சொல்லிச் சொல்லி, காலப்போக்கில், பழைய ஆட்கள் பழகிவிட்டார்கள். எங்கள் கிளினிக்கில் எது விழுந்தாலும் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழக்கம் வெளியிலும் தொற்றியது. ரேஷன் கடையில் ஒரு பாட்டியின் எண்ணெய்க் கேன் விழுந்து உருண்டபோது எங்கள் தாய்மார்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்க்காமல் நின்றார்களாம். இரக்கமில்லாதவர்கள் என்று ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பேச்சிமுத்துவும் முத்துச்செல்வியும் வந்தார்கள். பேச்சிமுத்து அவனியாபுரத்துக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாய் ஓயாதவர். முத்துச்செல்வி அவருக்கு நேர்மாறாக, கேட்டால் மட்டும் பேசுவார். கையில் சூரியபிரகாஷ், ஒன்றே கால் வயசு, ஆள் மயக்கும் சிரிப்பு, நல்ல காய்ச்சல்.

டாக்டர் காய்ச்சலைப் பார்த்தார். பிறகு பிள்ளையிடம் பேச ஆரம்பித்தார். பேச்சை நடுவில் நிறுத்தினார். பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு பேசினார். பிள்ளை துண்டின் கரையைப் பார்த்தது. டம்ளரை எடுத்துப் பின்னால் போட்டார்.

புது ஆட்கள் இல்லையா? பேச்சிமுத்து பாய்ந்தார், முத்துச்செல்வி திரும்பினார், அம்மா முகம் போன பக்கமே பிள்ளையின் முகமும் போனது.

"பாத்தீகளா சார், டக்குன்னு திரும்பிட்டான்!"

"அம்மா திரும்புனாங்க. அதான் திரும்புனான்" என்றார் டாக்டர். அவர் கணக்கில் அது பெரிய பேச்சு. "காது டெஸ்ட் எடுக்கணும். இப்பவே. லேட் பண்ணக் கூடாது."

பேச்சிமுத்துவின் முகம் மாறியது. "காய்ச்சலுக்குக் கூட்டிட்டு வந்தா காதுங்கிறீக. எங்க வீட்டுல ஆம்பளைக எல்லாம் லேட்டாத்தான் பேசுவோம் சார். நான் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தேன். இப்ப எம்புட்டுப் பேசுறேன்னு பாருங்க."

"அது கேட்டுச்சு."

"சாயந்திரம் ஆட்டோவ வாசல்ல நிப்பாட்டி ஹாரன் அடிப்பேன். இவன்தான் மொத ஆளா வாசலுக்கு வருவான்."

"ஆட்டோ லைட்ட அணைச்சுட்டு அடிச்சுப் பாருங்க."

பேச்சிமுத்து அடித்துப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சீட்டில் காது டெஸ்ட் என்று எழுதியிருந்தது. மருந்துக் கடைக்காரர் அது ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் நிம்மதியாக இல்லை. பேச்சு கற்கிற வயசு ஒன்று இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது, இந்தப் பிள்ளைக்கு அது நழுவிக்கொண்டு இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். என்னிடம் என்றுகூடச் சொல்ல முடியாது. தடுப்பூசிக்கு வந்திருந்த ஒரு மூன்று மாசக் குழந்தையிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

பேச்சிமுத்துவுக்கு என்னைப் போன் பண்ணச் சொல்வார். "பையன் ஜம்முன்னு இருக்கான் சிஸ்டர்" என்று பதில் வரும். டாக்டரின் முகம் வாடிவிடும். ஊரில் சளி இருமல் பரவியது. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். சூரியபிரகாஷ் வரவில்லை. நல்ல உடம்பு. ஒரு பிள்ளைக்குச் சளி பிடிக்கவில்லையே என்று தவித்த குழந்தை டாக்டர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கடைசியில் தன் ஸ்கூட்டரைத் தல்லாகுளம் வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் பெரியார் வந்து, அங்கிருந்து பேச்சிமுத்துவின் ஷேர் ஆட்டோவில் கிளினிக்குக்கு வர ஆரம்பித்தார். பூக்கூடை, மீன் பை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெற்குவாசலில் ஒன்றும் பேச மாட்டார். வில்லாபுரத்தில் ஒன்றும் பேச மாட்டார். அவனியாபுரத்தில் இறங்கும்போது மட்டும் கேட்பார்.

"பையனுக்குச் சளி இருக்கா?"

"இல்ல சார்."

"சரி."

பேச்சிமுத்து என்னிடம் வந்து புலம்பினார். "சிஸ்டர், உங்க டாக்டர் என்னத்துக்கு எம் பின்னாடியே சுத்துறாரு? பயலுகல்லாம் கேலி பேசுறாய்ங்க. 'மாப்ள, ஒன் மாமனாரு வந்துட்டாரு, சீட்டுப் போடுறா'ங்கிறாய்ங்க. ஆட்டோவுல ஒரு மனுசன் வாயத் தொறக்காம என்னையவே பாத்துக்கிட்டு வந்தா நான் எப்படி வண்டிய ஓட்டுறது?"

"பையனக் கூட்டிட்டு வாங்கண்ணே. அவரு நிப்பாட்டிருவாரு."

"நோய் இல்லாத பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வரணும்? கண்ணு பட்டுரும்."

மழைக்காலம் வந்தது. ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் முத்துச்செல்வி மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சு நிறையச் சளி. நான் உள்ளே போய்ச் சொன்னேன். "அப்பாடா" என்றார் டாக்டர். பிறகு அதற்காக வெட்கப்பட்டார்.

அவர் ஏற்கனவே முடிவு பண்ணி வைத்திருந்திருக்கிறார். பின்பக்கமாக இறங்கி, பக்கத்திலிருக்கும் சிக்கந்தர் பாயின் பிரியாணிக் கடைக்குப் போய், பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கைப்பிடி உள்ள, ஒரு ஆள் படுக்கலாம் போலிருந்த பித்தளை மூடி. பாய் பின்னாலேயே ஓடி வந்தார்.

"டாக்டர் சாப், தம் போடுற நேரம். மூடி இல்லாமப் போட்டா அது பிரியாணி இல்ல, வெறும் கறிச்சோறு!"

"அஞ்சு நிமிஷம்" என்றார் டாக்டர்.

வரவேற்பறையில் அன்றைக்குக் கூட்டம். டாக்டர் நடுவில் வந்து நின்றார். அத்தனை பெரியவர்கள் முன்னால் அவர் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இப்ப இது கீழ விழும். யாரும் திரும்பக் கூடாது. யாரும் எடுக்கக் கூடாது. எல்லாரும் காலண்டரப் பாருங்க."

"எந்தக் காலண்டர் சார்? மருந்துக் கம்பெனியா, நகைக் கடையா?" என்று ஒருவர் கேட்டார்.

"நகைக் கடை."

முத்துச்செல்வியை நடு நாற்காலியில் உட்கார வைத்தார். சூரியபிரகாஷ் அம்மாவின் கண்ணாடி வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். பழைய ஆட்கள் பழக்கப்படி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புது ஆட்களைத் தொடையில் தட்டி நேராக்கினார்கள். அறை முழுக்க நகைக் கடைக் காலண்டரைப் பார்த்தது. அதில் ஒரு ஒட்டியாணம் இருந்தது.

இந்த நேரத்தில் பேச்சிமுத்து வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எல்லோரும் அசையாமல் சுவரை வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்து, அவரும் காலண்டரைப் பார்த்தார்.

டாக்டர் மூடியை விட்டார்.

எனக்குத் தெரிந்து அவனியாபுரத்தில் அப்படி ஒரு சத்தம் வாடிவாசல் திறக்கும்போதுகூடக் கேட்டதில்லை. மூடி விழுந்து, எழுந்து, சுழன்று, முனகி, அடங்குவதற்கு வெகு நேரம் ஆனது. பெரியவர் ஒருவரும் திரும்பவில்லை. ஒருவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதும் ஒட்டியாணத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மடியிலிருந்த பிள்ளைகள் அத்தனையும் தூக்கிவாரிப் போட்டு வீறிட்டன. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை, பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, எல்லாம்.

சூரியபிரகாஷ் வளையலை மேலே தள்ளினான். கீழே தள்ளினான். பிறகு நிமிர்ந்தவன், எதிரே ஒரு பிள்ளை வாயைத் திறந்து அழுவதைப் பார்த்தான். பக்கத்தில் பார்த்தான். அங்கேயும் அழுகை. அவன் உதடு மெல்லப் பிதுங்கியது. அப்புறம் அவனும் அழுதான்.

"அந்தா அழுறான்ல!" என்றார் பேச்சிமுத்து. "சத்தத்துக்கு அழுறான்ல! கேக்குதுல்ல சார்!"

முத்துச்செல்வி தலையைத் திருப்பவில்லை. காலண்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

"இல்லங்க. மூடி விழுந்தப்ப எம் மடியில அசையவே இல்ல. அவன் பாத்துட்டு அழுறான்."

பேச்சிமுத்து வாயைத் திறந்து மூடினார். டாக்டர் பிள்ளைகளிடம் போனார். ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர்களிடம் கேட்கவில்லை. சூரியபிரகாஷிடம் வந்தபோது ஒன்றும் சொல்லாமல், அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாளே டெஸ்ட் எடுக்கப் போனார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தது. அதற்கப்புறம் நடந்தவை நீளமானவை. அலைச்சல், காத்திருப்பு, பேச்சிமுத்து இரவெல்லாம் ஆட்டோவிலேயே படுத்துக் கிடந்தது. முதலில் காதில் மாட்டும் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். அது போதவில்லை. கருவியைக் காதுக்குள்ளேயே பொருத்தும் ஆபரேஷன் செய்தார்கள். சிறிது நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டினார்கள். அதை இயக்கி வைத்து, இனிமேல் பழக்க வேண்டும், கேட்பது என்றால் என்ன என்று அவன் மூளை இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். பசுமலையில் ஒரு பயிற்சி மையத்துக்கு வாரம் தவறாமல் முத்துச்செல்வி கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் தன் பங்குக்குச் சீட்டு எழுதினார். "பேசவும். நிறுத்தாமல்." பேச்சிமுத்துவுக்குப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"ஊரே ஒங்க வாயப் பத்தித்தான் சொல்லுது" என்றேன்.

"அது சவாரிகிட்ட சிஸ்டர். இவன்கிட்ட என்னத்தப் பேச?"

"ரூட் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பேச்சிமுத்து மகனை முன்சீட்டில் நிறுத்திக்கொண்டு, "பெரியார், தெற்குவாசல், வில்லாபுரம், அவனியாபுரம், ஏறு ஏறு ஏறு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்வார்.

மாசங்கள் போயின. சூரியபிரகாஷ் திரும்பவில்லை. சளிக்கு வரும்போதெல்லாம் டாக்டர் டம்ளரைப் போடுவார். அவன் எல்லாவற்றையும் பார்ப்பான், சத்தத்துக்கு மட்டும் திரும்ப மாட்டான். சில நேரம் கண் சிமிட்டுவது மாதிரி இருக்கும். நிச்சயமாகச் சொல்ல முடியாது. "ஆகும். கொஞ்ச நாள் ஆகும்" என்பார் டாக்டர். அவன் போன பிறகு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முத்துச்செல்வி வெளியே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்.

இதற்கெல்லாம் நடுவில் மூடி என் மேசைக்கடியில் இருந்தது. டாக்டர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாய் கேட்டு வந்தார்.

"டாக்டர் சாப், அஞ்சு நிமிஷம்னீங்க."

"அவன் திரும்பட்டும். அன்னைக்குத் தந்துருவோம்."

"அதுவரைக்கும் எம் பிரியாணி?"

டாக்டர் யோசித்தார். "வேற ஏதாவது வச்சு மூடுங்க."

பாய் வீட்டிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அண்டாமேல் கவிழ்த்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தார். "ருசி போச்சு" என்று தினமும் என்னிடம் சொல்வார். வியாபாரம் என்னவோ குறையவில்லை. இடையில் அவரும் சேர்ந்துகொண்டு, "பேட்டா திரும்பிட்டானா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மூடிக்காகக் கேட்கிறாரா பிள்ளைக்காகக் கேட்கிறாரா என்பது போகப்போக அவருக்கே தெரியவில்லை.

இப்படியே இருக்கும்போதுதான் அந்த நாலே முக்கால் போன்.

தல்லாகுளம் வீட்டுக்கு நான் போய்ச் சேரும்போதே தெரு அடைத்துக் கூட்டம். பாதிக்கு மேல் கைக்குழந்தைக்காரர்கள். நாளெல்லாம் சேதி பரவிப் பரவி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பிள்ளைகள் பயந்துவிடும், கொட்டு வேண்டாம் என்று கனகா அக்கா சொல்லிவிட்டார். டாக்டர் குளிர்ப்பெட்டிக்குள் இருந்தார். எப்போதும் போலப் பேசவில்லை. மலையம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறக்காத பயலுக்கு இம்புட்டுக் கூட்டமா?" என்றார் என்னிடம். பிறகு மகனைப் பார்த்து, "ஏண்டா, இம்புட்டுப் பேருகிட்ட என்னடா சொன்ன?" என்றார்.

பேச்சிமுத்து வந்திருந்தார். அன்றைக்கு அவரும் பேசவில்லை. பெட்டியின் பக்கத்தில், சூரியபிரகாஷை முன்னால் நிறுத்தி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துச்செல்வி எதிர்ப்புறம் நின்றார். பையன் பெட்டியின் ஓரத்தில் எரியும் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் எங்கள் கிளினிக் ஆட்கள்.

பதினோரு மணி வாக்கில் சிக்கந்தர் பாய் குட்டியானை வண்டியில் டீ கொண்டுவந்தார். கூட்டத்துக்குத் தக்க பாத்திரம் வேண்டுமே என்று பிரியாணி அண்டாவிலேயே கொண்டுவந்திருந்தார். மூடி என் மேசைக்கடியில் இருந்ததால் தாம்பாளத்தைக் கவிழ்த்து செங்கல்லை வைத்திருந்தார். நாலு பேர் அண்டாவைப் பிடித்து இறக்கினார்கள். அண்டா சாய்ந்தது. செங்கல் சரிந்து மண்ணில் விழுந்தது. தாம்பாளம் வாசலின் சிமெண்ட் தரையில் விழுந்தது.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சிலர் எடுக்க ஓடினார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. வருஷக்கணக்கான பழக்கம். தாய்மார்களும் தகப்பன்மார்களும் கழுத்தை விறைத்துக்கொண்டு, நகைக் கடைக் காலண்டர் இல்லாததால் டாக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மடியிலும் தோளிலும் இருந்த பிள்ளைகள் மட்டும் வாசல் பக்கம் திரும்பின.

சூரியபிரகாஷும் திரும்பினான்.

அவன் கண்முன் இருந்த ஒரு முகமும் அசையவில்லை; திரும்பிய பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். பார்த்துத் திரும்புவதற்கு அவனுக்கு எதுவும் இல்லை. பச்சை விளக்கிலிருந்து கண்ணை எடுத்து, முழு உடம்பையும் திருப்பி, தாம்பாளம் உருண்டு அடங்கும் வரைக்கும் வாசலையே பார்த்தான். அப்புறம் விரலை நீட்டிக் காட்டினான்.

முத்துச்செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பேச்சிமுத்து முதலில் பெட்டியிடம்தான் சொன்னார்.

"சார், திரும்பிட்டான் சார்."

பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினார். "பாய்! எடுக்காதீக! இன்னொருக்காப் போடுங்க பாய்!"

கள்ளிக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கொதித்து எழுந்தார். "எழவு வீட்டுல என்னய்யா வெளையாட்டு இது?"

பாய் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கனகா அக்காவைப் பார்த்தார். கனகா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு தடவ பத்தாது பாய். மூணு தடவ பாக்கணும்னு சொல்வாரு."

"போடட்டும்" என்றார் மலையம்மாள். "அவந்தான் ஒண்ணும் சொல்லலையே."

கனகா அக்கா சொந்தக்காரர்களைப் பார்த்தார். வகுப்புக் குரல் வந்தது. "யாரும் திரும்பக் கூடாது. எல்லாரும் சாரப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கோபப்பட்ட பெரியவரும் பார்த்தார். முத்துச்செல்வி பையனின் முகத்தைப் பிடித்துப் பச்சை விளக்கின் பக்கம் திருப்பி வைத்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தாம்பாளத்தை விட்டார்.

திரும்பினான்.

மூன்றாவது தடவை போட்டபோது திரும்பி, இந்த ஆளுக்கு ஒரு பொருளைக் கையில் பிடிக்கத் தெரியவில்லையே என்பது போல பாயை முறைத்தான்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. கிளினிக்கைப் பூட்டி வைத்திருக்கிறோம். மூடி இன்னும் என் மேசைக்கடியில்தான் இருக்கிறது. பையன் திரும்பிய பிறகும் பாய் அதைக் கேட்டு வரவில்லை. பாய் இன்றைக்கும் தாம்பாளத்தின்மேல் செங்கல்லை வைத்துத்தான் தம் போட்டார்.